பட்டி தோண்டுன 17 குழி

போன மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுப் பின்பக்கம் போய் நின்னு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன், மொத்தம் 17 குழி. வாழைக்கு அடியில மூணு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு, காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையா நாலு, அம்மாவோட மல்லிகைக்குக் கீழ ரெண்டு, கேட்டுக்கிட்ட ஒண்ணு, மிச்சமெல்லாம் அங்கங்க உள்ளங்கை அகலத்துக்கு. அன்னைக்குக் காலைலதான் கொடியில துணி காயப்போடப் போன அம்மா அதுல ஒரு குழில கால விட்டு தடுமாறி, நல்லவேளையா கொடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாங்க, விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே பயமா இருக்கு, 71 வயசு, ஏற்கெனவே மூட்டுவலி. உள்ள வந்து உக்காந்து ரொம்ப நிதானமா சொன்னாங்க, "ஏண்டி, ஒண்ணு நான் இந்த வீட்ல இருக்கேன், இல்ல அது இருக்கட்டும்."

அதுங்கிறது கருப்பட்டி, எங்க நாயி. டாஷண்ட் ஜாதி. அந்த நிறத்துக்கு வேற என்ன பேரு வைக்கிறது. கூப்பிடக் கூப்பிடத் தேய்ஞ்சு பட்டின்னு ஆயிடுச்சு, பக்கத்து வீட்டு சேச்சி பாலக்காட்டுக்காரங்க, நாங்க "பட்டி, பட்டி"ன்னு கத்துறப்பல்லாம் சிரிப்பாங்க, அவங்க ஊர்ல பட்டின்னாலே நாய்தானாம், நாயை நாய்னே கூப்பிடுற ஒரே குடும்பம் நாங்கதானாம்.

வீடு மதுரைக்கு வெளிய, அப்பா இருந்தப்ப வாங்கிப் போட்ட 5 சென்ட். பின்னாடி இருக்குற 20 அடிக்கு 12 அடி இடத்துலதான் அம்மாவோட ராஜாங்கம். வீடு கட்டுறப்ப அடிச்ச கிராவல் மண்ணுல ஒண்ணும் வராதுன்னு ஒரு டிராக்டர் செம்மண் வாங்கிக் கொட்டி, வாழை, கறிவேப்பிலை, முருங்கை, ரெண்டு ரோஜா, அப்புறம் மல்லிகை. அந்த மல்லிகைக்கு ஒரு வரலாறு இருக்கு. ராமேஸ்வரம் போயிட்டு வர்ற வழியில தங்கச்சிமடத்துல வண்டிய நிறுத்தச் சொல்லி பதியன் வாங்கிட்டு வந்தாங்க, தமிழ்நாட்டுல பாதி ஊருக்கு மல்லி நாத்து அங்க இருந்துதான் போகுதுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கெடைச்சதுன்னு பெருமை பேசுற ஊரு, நாத்து மட்டும் கடலோரத்து மணல்ல இருந்து வருது. அந்தப் பத்துப் பதியன்ல பிழைச்சது ஆறு, அந்த ஆறுல ரெண்டைத்தான் பட்டி வேரோட பிடுங்கிப் போட்டுட்டான்.

நாங்க சும்மா இருக்கல. ஒரு வருஷம் என்னென்னமோ பண்ணோம், அதையெல்லாம் சொன்னா வெக்கமா இருக்கு ஆனா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இதையேதான் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. மொதல்ல மிளகாய்த்தூள். குழியச் சுத்தி தூவி விட்டோம், அவன் மோந்து பாத்து அரைமணி நேரம் தும்முனான், கண்ணுல நீரு, பாதத்தை நக்கி நக்கி வாயி எரிஞ்சு தண்ணிக் கிண்ணத்தையே காலி பண்ணான், மறுநாள் அதுக்கு ஒரு அடி தள்ளித் தோண்டுனான். அப்புறம் அவனோட கக்காவையே குழில போட்டு மூடுனா தோண்டமாட்டான்னு எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல யாரோ சொன்னாங்க. அந்த வேலைய அவரையே பண்ணச் சொல்லிட்டேன். அந்தக் குழிய மறுபடி தோண்டல, நெசந்தான், பக்கத்துல புதுசு. அப்புறம் ஃபினாயில். கடைசியா பாச்சா உருண்டை.

பாச்சா உருண்டை போட்ட வாரம் தற்செயலா பட்டிக்கு ஊசி போடுற வாரம். டாக்டர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், மனுஷன் கையில இருந்த சிரிஞ்சைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாரு. அது விஷம்மா, ஒரு உருண்டைய முழுங்குனாலே ரத்த அணுவும் ஈரலும் கெடும், சின்ன நாய்க்கு இன்னும் மோசம், போயி முத வேலையா பொறுக்கி எடுங்கன்னாரு. அப்புறம்தான் கேட்டாரு, செடிக்கு என்ன உரம் போடுறீங்கன்னு. அம்மா மல்லிக்கு எலும்புத்தூள் போடுவாங்க, கடலைப் புண்ணாக்கு ஊறவச்சு ஊத்துவாங்க, மீன் வாங்குற அன்னைக்குச் செதிலும் குடலும் ரோஜாவுக்கு அடியில போகும், இதுபோக யாரோ சொல்லிக் கொடுத்து மீனையும் நாட்டுச்சர்க்கரையையும் சரிக்குச் சரி போட்டு மூடி வச்சு மீன் அமிலம் வேற. நான் சொல்லச் சொல்ல அவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. "ஏம்மா, எலும்பும் கடலையும் மீனும் கொண்டுபோயி மண்ணுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு நாயி ஏன் தோண்டுதுன்னு என்கிட்ட வந்து கேக்குறீங்க?"

எனக்கு நாலு அறை விட்ட மாதிரி இருந்துச்சு. இத்தனை நாளும் நாங்க கவனிச்சது நாயைத்தான், குழிய ஒரு தடவைகூட ஒழுங்கா பாத்ததில்ல.

அன்னைக்கே அவரு இன்னொண்ணும் சொன்னாரு, அதைத் தோட்டம் வச்சிருக்குறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஆமணக்குப் புண்ணாக்க மட்டும் நாய் இருக்குற வீட்டுக்குள்ளயே கொண்டுவராதீங்கன்னாரு. ஆமணக்கு விதையில இருக்குற ரிசின்ங்கிற விஷம் எண்ணெயோட போறதில்ல, ஆட்டுனதுக்கு அப்புறம் புண்ணாக்குலயே தங்கிடும், நாய்க்கு அந்த வாசனை வேற பிடிக்கும். நர்சரியில கலவை உரம்னு மூட்டை கட்டி விக்கிறதுல எது எது இருக்குன்னு கேட்டு வாங்கணும். எங்க வீட்ல இருந்த மூட்டையில வேப்பம் புண்ணாக்குதான் இருந்துச்சு, சாமி காப்பாத்துச்சு.

கூடவே பட்டி எடை கூடியிருக்கான்னு அதட்டலும் விழுந்துச்சு. இந்த ஜாதிக்கு முதுகு நீளம், கால் குட்டை, அரைக்கிலோ கூடுனாலும் முதுகெலும்புதான் வாங்கும், சோபால இருந்து குதிக்க விடாதீங்க, சாப்பாட்ட அளந்து போடுங்கன்னாரு. இது எதுக்குன்னா கடைசில வரும்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அவங்க நம்பல. "அதெல்லாம் இல்லடி, கொழுப்பு. தப்புப் பண்றோம்னு அதுக்கே தெரியுது, குழியக் காட்டுனா மூஞ்சத் தொங்கப் போடுது பாரு."

இந்த மூஞ்சத் தொங்கப் போடுற விஷயத்த நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன். வேலை முடிஞ்சு வந்து, காதைப் பிடிச்சு குழிக்கிட்ட இழுத்துட்டுப் போயி "என்ன பண்ணி வச்சிருக்க?"ன்னு கேட்டா, காது பின்னால போயிடும், கண்ணு வேற பக்கம் பாக்கும், வால் காலுக்குள்ள. குத்தவாளி மாதிரியே இருக்கும். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009-ல இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க, 14 நாயி. தின்னக் கூடாதுன்னு சொல்லி வச்ச தீனிய நாய் தின்னுச்சா இல்லையாங்கிறதுல ஓனருக்கே சில நேரம் தப்பான தகவலச் சொல்லி, திட்ட விட்டிருக்காங்க. அந்தப் பரிதாப மூஞ்சி வந்தது தின்ன நாய்க்கு இல்ல, திட்டு வாங்குன நாய்க்கு. ஒண்ணும் பண்ணாம திட்டு வாங்குன நாய் இன்னும் ஜாஸ்தியாவே மூஞ்ச வச்சிருக்கு. அதாவது பட்டிக்கு குழியும் தெரியல, தப்பும் தெரியல, அக்கா ஆபீஸ்ல இருந்து வந்தா கோவமா இருப்பாங்க, அது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. (அக்காதான், அம்மான்னு நான் சொல்லிக்கிறதில்ல, அந்தப் பதவி எங்க வீட்ல ஏற்கெனவே ஃபுல்.)

சரின்னு அடுத்த சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கிட்டு குழி குழியா உக்காந்து பாத்தோம். அவன் ஸ்கேலு கொண்டு வந்தான், நோட்டு கொண்டு வந்தான், பெரிய தொல்லியல் துறை மாதிரி.

வாழைக்கடி குழி மூணும் ஒரே மாதிரி. ரெண்டடி நீளம், அரையடி ஆழம், ஓரமெல்லாம் வழவழன்னு. நான் கைய உள்ள விட்டேன். மேல மண்ணு சுடுது, அடில சில்லுன்னு இருக்கு, துவைக்கிற கல்லுல இருந்து ஓடி வர்ற தண்ணி வாழைக்குத்தான் போகுது, அந்த ஈரம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜன்னல் வழியா பாத்தா பட்டி அதுக்குள்ள கச்சிதமா, பணியாரக் குழில பணியாரம் மாதிரி படுத்துக் கெடக்கான், வயித்துப் பக்கம் முடி கம்மி, அதை அப்படியே ஈர மண்ணுல ஒட்டி வச்சு. மே 4-ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம், நாம ஃபேன் போட்டும் முடியலன்னு புலம்புறோம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்து மெத்தையில கொஞ்சம் வேர்க்கும் அவ்வளவுதான், மத்தபடி நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கணும். அது ஏசி இல்லாத வீட்ல ஏசி கட்டிக்கிச்சு. இதுக்கா நாங்க மிளகாய்த்தூள் போட்டோம்னு நெனைச்சப்ப எனக்கு சோறு எறங்கல, மிகைப்படுத்தல, உண்மையாவே அன்னைக்கு மத்தியானம் தட்ட வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் கீழ தோண்டுனது உரம், அதை டாக்டரே சொல்லிட்டாரு. கேட்டுக்கிட்ட தோண்டுன குழி தப்பிச்சுப் போக. தெருவுல பெட்டை நாயி பருவத்துல இருந்தா எங்க தெரு மார்கழி மாசம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, ஒன்றரை வயசு ஆம்பளை நாயி கேட்டுக்கு அடில சுரங்கம் போடத்தான் செய்யும். கருத்தடை ஆபரேஷன் பண்ணோம், அந்தக் குழி நின்னுடுச்சு. துவைக்கிற கல்லுக்குப் பின்னால இருந்தது போன தீபாவளிக்குத் தோண்டுனதுன்னு மகன் ஞாபகம் வச்சிருந்தான், சர வெடிக்குப் பயந்து உள்ள பூந்துக்க இடம் தேடியிருக்கான்.

இனி அந்த சுவரோரக் குழி நாலு.

இதுதான் ஆழம். ஒரு முழம் உள்ள போகுது, குறுகலா, நேரா இல்லாம சுவருக்கு அடில சாஞ்சு போகுது. மண்ணைப் பின்னங்காலால வாரி விசிறி ரோஜா வரைக்கும் எறிஞ்சிருக்கான். மகன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "அம்மா, இந்தக் குழி இன்னொரு குழில போய் முட்டுது"ன்னான். பட்டி தோண்டுனது பாதி, மிச்சம் ஏற்கெனவே இருந்த வளை. குனிஞ்சு மோந்தா குப்புன்னு ஒரு வாடை. பெருச்சாளி.

டாஷண்டோட கதையே இதுதான். ஜெர்மன்ல டாக்ஸ்னா பேட்ஜர்ங்கிற வளை தோண்டுற மிருகம், ஹுண்ட்னா நாயி, வளைக்குள்ள பூந்து அதை வெரட்டுறதுக்குன்னே ஜெர்மன்காரன் நூத்துக்கணக்கான வருஷமா பாத்துப் பாத்து உருவாக்குன ஜாதி. அந்தக் குட்டைக் கால், கரண்டி மாதிரி அகலமான முன் பாதம், மண்ணுக்குள்ள இருந்து குரைச்சாலும் மேல நிக்கிறவனுக்குக் கேக்குற அந்தத் தொண்டை, நாமதான் அதை ஃபிளாட்டுக்கு ஏத்த அழகு நாயின்னு மடியில வச்சுக் கொஞ்சுறோம். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வளத்திருந்தா ஓட்டத்துக்கு எடமில்லன்னு வேற ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். ஜாதி தெரிஞ்சு வாங்கணும்னு எல்லாருக்கும் அட்வைஸ் பண்ற ஆளு நான், வாங்குறப்ப அந்தக் காதத்தான் பாத்தேன்.

கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுனோம். கடப்பாரையால ரெண்டு தட்டு தட்டுனாரு, பொத்துன்னு உள்வாங்குச்சு, சுவருக்கு அடில ஒரு எடத்துல ஒன்றரை அடி வெறும் பொந்து. "தங்கச்சி, ஐப்பசில ரெண்டு மழை அடைச்சுப் பெய்ஞ்சிருந்தா சுவரு அந்தப் பக்கம் படுத்திருக்கும்"னாரு. உடைஞ்ச பாட்டில் ஓட்டையும் ஜல்லியையும் சிமெண்டோட கலந்து வளை வளையா இடிச்சு அடைச்சாரு, கண்ணாடி இருந்தா பெருச்சாளி மறுபடி கொறிக்காதுங்கிறது அவங்க ஆளுங்க காலங்காலமா பண்றது. மேல ஒரு முழத்துக்குக் கல்லு பதிச்சு விட்டாரு, கண்ணாடி பட்டி கால்ல படக்கூடாதுல்ல. செலவு இங்க வேணாம், எங்க வீட்டுக்காரர் படிப்பாரு.

எலி மருந்து வைக்கலாம்னு அம்மா சொன்னாங்க, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. கடையில கேக்கு கேக்கா கெடைக்கிற மருந்து நெறைய ரத்தத்த உறையவிடாம பண்றது. நாயி அதைத் தின்னாலும் சரி, அதைத் தின்ன எலியத் தின்னாலும் சரி ஆபத்து, அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசியுறப்பதான் தெரியும். உடனே கொண்டுபோனா வைட்டமின் கே கொடுத்துக் காப்பாத்துவாங்க, ஆனா அந்த உடனேதான் நமக்குத் தெரியாதே. அதனால கூண்டு வச்சோம். தேங்காச் சில்லு வச்சா வரல, கருவாடு வச்சா பட்டிதான் வந்தான், மசால் வடைக்கு மூணு மாட்டுச்சு. ஒவ்வொண்ணும் ஒரு கிலோவுக்குக் கொறையாது, பட்டி கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்த பார்வை இருக்கே, பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சு தீர்ப்பு வாங்குனவன் மாதிரி. எலி மூத்திரத்துல இருந்து நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும், மனுஷனுக்கும் வரும், வருஷா வருஷம் போடுற ஊசில அதுவும் சேந்ததான்னு டாக்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, அதுவும் வளையில கைய விடுற என்னை மாதிரி முட்டாள்தனத்த யாரும் பண்ணாதீங்க, உள்ள பாம்பு இருந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

பெருச்சாளி போனாலும் தோண்டுற ஆசை போகாது, அது ரத்தத்துல இருக்கு. அதுக்கு ஒரு இடம் கொடுத்துடணும்னு முடிவு பண்ணி முருங்கைக்கு அடில நாலடிக்கு மூணடி, ஒரு அடி ஆழத்துக்கு நாங்களே குழி வெட்டி ஹாலோபிளாக் சுத்தி வச்சு மாடி கட்டுனப்ப மிஞ்சுன எம்-சாண்டைப் போட்டோம். அது தப்பு. எம்-சாண்ட் தண்ணி பட்டா கெட்டியா இறுகிடுது, முனை கூரா வேற இருக்கு, அவன் ரெண்டு தடவை சொரண்டிட்டு மல்லிகைக்குப் போயிட்டான். அதை வாரிட்டு 12 சட்டி ஆத்து மணலும் பாதிக்குப் பாதி செம்மண்ணும் கலந்து போட்டோம். மொத நாள் அவன் பாக்குறப்பவே மேலோட்டமா ஒரு எலும்பு பொம்மையப் புதைச்சேன், எடுத்தான். அப்புறம் கொஞ்சம் ஆழம். அப்புறம் அவன் பாக்காதப்ப. மத்த எடத்துல தோண்டுறதப் பாத்தா கத்துறதில்ல, "பட்டி, இங்க வா"ன்னு மணலுக்குக் கூட்டிட்டு வந்து தட்டிக் காட்டுறது. ஒரு ஆறேழு வாரத்துல பிடிச்சுக்கிட்டான், ஆனா காலைலயும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போகாத நாள்ல இந்த மணலெல்லாம் செல்லாது, அன்னைக்கு ரோஜாதான்.

யாரும் சொல்லாத ஒண்ணு, பூனை. தெருப் பூனை அத்தனைக்கும் நாங்க ராத்திரியோட ராத்திரியா கக்கூஸ் கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. காலைல பட்டி ஆசையா தோண்டுறான், என்னடான்னு பாத்தா, வேணாம். இப்ப சாயங்காலம் ஆறு மணிக்குத் தகரத்தப் போட்டு மூடி மேல ரெண்டு செங்கல் வைக்கிறது மகன் வேலை.

மல்லிகைக்கு கோழி வலை. செடியச் சுத்தி ரெண்டங்குல மண்ணுக்குக் கீழ விரிச்சு, கம்பி முனையெல்லாம் உள்பக்கம் மடக்கி, மேல மண்ணப் போட்டாச்சு. கால் வச்சா பாதத்துக்குப் பிடிக்கல, வந்துடுறான். எலும்புத்தூளும் மீனும் நின்னுச்சு, மாட்டுச் சாணி எருவும் மண்புழு உரமும்தான் இப்ப, பூ கொறைஞ்ச மாதிரி அம்மாவுக்குத் தோணுது, எனக்குத் தோணல. வாழைக்கடி மூணு குழில ரெண்டை மூடிட்டு ஒண்ணை அவனுக்கே விட்டாச்சு, அடையாளத்துக்குச் சுத்தி நாலு செங்கல், அம்மா கால் போகாம. கத்திரி வெயில்ல மட்டும் ஒரு சாக்கை நனைச்சு உள்ள போடுறோம்.

இனி சொல்ல மிச்சம் இருக்குறது அந்தக் குட்டிக் குழி ரகம். உள்ளங்கை அகலம், மூணு விரல் ஆழம், தோண்டுனது தெரியாம மூக்காலயே மண்ணத் தள்ளி மூடி வச்சிருப்பான். இது சேமிப்பு. தின்னது போக மிஞ்சுறதைத்தான் நாயி பெரும்பாலும் புதைக்கும், அளந்து போட ஆரம்பிச்சதுல இருந்து இந்த ரகம் சுத்தமா நின்னு போச்சு.

நேத்து காலைல துளசி மாடத்துக்குப் பின்னால ஒண்ணு. மூடி, தட்டி, மூக்குத் தடம்கூட அப்படியே இருந்துச்சு. மகன் ஸ்பூனால மெதுவா கிளறுனான், அரை ரஸ்க்கு, ஒரு ஓரம் டீல நனைஞ்ச கலர்.

எங்க வீட்ல ரஸ்க்க டீல தொட்டுச் சாப்பிடுற ஆளு ஒரே ஆளுதான். உள்ள போயி கேட்டேன். "நானா? அந்த சனியனுக்கா? நான் எதுக்குடி போடப்போறேன்"னு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமயே சொன்னாங்க, பட்டி அவங்க நாற்காலிக்கு அடில, அவங்க கால் மேல தாடைய வச்சு, என்னைப் பாத்து மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தான்.